ஆயில் குச்சி சொல்லும் எச்சரிக்கை

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூ, 2019-ல் இரண்டு பெட்ரோல் இன்ஜின்களோடு வந்தது. ஒன்று வழக்கமான 1.2 லிட்டர். மற்றொன்று 1 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. அளவில் சின்னதான இந்த இரண்டாவது இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுழற்சியிலேயே 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. பெரியது 4000 சுழற்சிக்கு ஏறினாலும் சுமார் 115-ல் நின்றுவிடுகிறது. ஓட்டிப் பார்ப்பவர் இதைத்தான் "நல்ல பிக்கப்" என்கிறார்.

இந்தப் பிக்கப் டர்போ ஒன்றால் மட்டும் வந்ததல்ல. இன்ஜினின் தலைக்குள் இரண்டு தொழில்நுட்பங்கள் கை கோத்திருக்கின்றன. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைத் தேவைக்கேற்ப மாற்றுவது ஒன்று. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவது மற்றொன்று. இரண்டும் அருமையான கண்டுபிடிப்புகள். ஆனால் இவை சேர்ந்த இடத்தில் இன்ஜினின் பழைய பாதுகாப்புகள் சில விலகிவிட்டன. அந்த இடத்தில் இப்போது நிற்பது எண்ணெய். காரை வாங்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இருபது ஆண்டுப் பழக்கத்தின்படியே பராமரிக்கிறோம். அந்தப் பழக்கம் இந்த இன்ஜினுக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் எச்சரிக்கை.

இரண்டும் ஏன் சேர்ந்தன?

பழைய முறையில் இன்ஜெக்டர் சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் குழாயில் இருக்கும். மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிக்கும். புதிய முறையில் அது சிலிண்டருக்குள்ளேயே மூக்கை நீட்டியிருக்கிறது. அழுத்தம் 200 பார், 350 பார் என்று போகிறது. உள்ளே ஆவியாகும் பெட்ரோல் அங்குள்ள காற்றைக் குளிர்விப்பதால், கலவை கட்டுமீறி வெடிக்கும் நாக்கிங் குறைகிறது. அமுக்க விகிதத்தைக் கூட்ட முடிகிறது. மஸ்தா 2011-ல் ஜப்பானில் டெமியோ காருக்கு 14:1 விகிதத்தில் பெட்ரோல் இன்ஜின் தந்தது இப்படித்தான்.

நேரடித் தெளிப்பு புதிய யோசனையல்ல. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜெர்மானிய விமானங்களின் டைம்லர்-பென்ஸ் இன்ஜின்களில் அது இருந்தது. 1954-ன் மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரிலும் இருந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டோடு சாதாரணக் காருக்கு அதைக் கொண்டுவந்தது 1996-ல் மிட்சுபிஷி. மாறும் வால்வோ 1980-ல் ஆல்ஃபா ரோமியோவில் தொடங்கி, 1989-ல் ஹோண்டாவின் விடெக் வழியாக உலகெங்கும் பரவியது. இரண்டையும் ஒரே தலைக்குள் அடக்குவது எளிதாக இருக்கவில்லை. பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் வரிசையில் என்52 இன்ஜினுக்கு வால்வின் ஏற்றத்தையே மாற்றும் வால்வ்ட்ரானிக் உண்டு. நேரடித் தெளிப்பு இல்லை. அடுத்து வந்த என்53-க்கு நேரடித் தெளிப்பு உண்டு, வால்வ்ட்ரானிக் இல்லை. இரண்டும் டர்போவும் ஒன்றாகச் சேர்ந்தது 2009-ல், என்55 இன்ஜினில்.

இந்தக் கூட்டணியின் பலன் டர்போ இன்ஜினில்தான் முழுதாகத் தெரியும். குறைந்த சுழற்சியில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும்படி செய்தால், உள்ளே வரும் புதுக்காற்று எரிந்த புகையைத் துடைத்துக்கொண்டு வெளியே போகும். டர்போவும் சீக்கிரம் வேகம் பிடிக்கும். பழைய முறையில் இப்படிச் செய்தால் காற்றோடு பெட்ரோலும் எரியாமல் சைலன்சருக்குப் போய்விடும். நேரடித் தெளிப்பில் எக்ஸாஸ்ட் வால்வு மூடும்வரை காத்திருந்து பீய்ச்சலாம். 1500 சுழற்சியில் கிடைக்கும் அந்த 172 நியூட்டன் மீட்டரில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு.

கழுவப்படாத வால்வு

இனி விலையைப் பார்ப்போம். பழைய முறையில் ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. பெட்ரோலில் சேர்க்கப்படும் அழுக்குநீக்கிகளும் அங்கே வேலை செய்தன. இப்போது பெட்ரோல் அந்த வழியாக வருவதே இல்லை. வருவது காற்று மட்டும். அதோடு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவோடு சேர்ந்து மீண்டும் இன்டேக் குழாய்க்குள் உறிஞ்சப்படும் எண்ணெய் ஆவி. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில், லேசாக ஓடும் இன்ஜினில் எரிந்த புகையும் கொஞ்சம் திரும்பி வரும். மாசைக் குறைக்க வேண்டுமென்றே அப்படி வரவிடுவதும் உண்டு. எண்ணெய் ஆவியும் புகைக்கரியும் சூடான வால்வில் ஒட்டி, தோசைக்கல்லில் காய்ந்த மாவுபோல இறுகிவிடுகின்றன.

படிவு தடித்தால் காற்றின் வழி குறுகும். எல்லாச் சிலிண்டரிலும் ஒரே அளவில் குறுகாது. விளைவாகக் காலையில் எடுக்கும்போது மிஸ்ஸிங், நின்றிருக்கும்போது நடுக்கம், பிக்கப் குறைதல், பிறகு செக் இன்ஜின் விளக்கு. நேரடித் தெளிப்பு கொண்ட ஆடியின் பழைய எஃப்எஸ்ஐ இன்ஜின்களில் இந்தப் படிவு உலகறிந்த சிக்கல். டொயோட்டா 2005-லேயே தன் வி6 இன்ஜினுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் பொருத்தியது. ஃபோர்டும் பின்னாளில் தன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் அதே வழிக்கு வந்தது. நம் ஊரில் ஓடும் சிறிய டர்போ கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரட்டை ஏற்பாடு இல்லை.

இங்கே காசு வீணாகும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெட்ரோல் பங்கில் சின்னப் பாட்டில்களில் விற்கும் கிளீனரை டேங்கில் ஊற்றினால் வால்வு சுத்தமாகும் என்று நம்புகிறோம். நேரடித் தெளிப்பு இன்ஜினில் டேங்கில் ஊற்றும் எதுவும் இன்டேக் வால்வின் முதுகைத் தொடாது. இன்ஜெக்டரின் முனையைச் சுத்தம் செய்யலாம், அதோடு சரி. கூடுதல் விலைக்கு வாங்கும் பெட்ரோலுக்கும் இதே எல்லைதான். இறுகிய படிவை அகற்ற இன்டேக் குழாயைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் பீய்ச்சிச் சுரண்டுவதே நம்பகமான முறை.

எண்ணெயில் கரையும் பெட்ரோல்

இரண்டாவது சிக்கல் நேரம். 6000 சுழற்சியில் ஒரு முழுச் சுற்று, அதாவது நான்கு வீச்சும், 20 மில்லி விநாடியில் முடிந்துவிடும். பழைய முறையில் பெட்ரோல் கலக்க அந்த 20 மில்லி விநாடியும் கையில் இருந்தது. நேரடித் தெளிப்பில் பீய்ச்சி, ஆவியாகி, காற்றோடு கலந்து முடிக்க அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தால் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படும். பிஸ்டன் வளையம் அதை எண்ணெயோடு சேர்த்து வழித்துக் கீழே ஆயில் தொட்டிக்கு அனுப்பும்.

நீண்ட தூரம் ஓடிச் சூடேறினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் வண்டியில் அதற்கு வாய்ப்பில்லை. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கேட்கும். இப்போது பங்குகளில் பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. ஆகவே குளிர்ந்த இன்ஜினின் குறுகிய ஓட்டம் முன்னைவிடக் கூடுதல் கவனம் கோருகிறது.

சீனாவின் குளிர் மிகுந்த வடபகுதிகளில் இது எதுவரை போகும் என்பது தெரியவந்தது. அங்கே ஹோண்டா சிஆர்-வி வைத்திருந்தவர்கள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தபோது, எண்ணெயின் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. காரில் இருந்தது 1.5 லிட்டர் டர்போ: நேரடித் தெளிப்பும் மாறும் வால்வும் சேர்ந்த இன்ஜின். எண்ணெயோடு கலந்த பெட்ரோலே மட்டத்தை உயர்த்தியது. 2018-ன் தொடக்கத்தில் அங்கே புதிய சிஆர்-வி விற்பனையே நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்காவில் அதே இன்ஜினுக்கு ஹோண்டா உத்தரவாதக் காலத்தை நீட்டியது.

தமிழ்நாட்டின் வெயில் நமக்கு இதில் ஓரளவு துணை நிற்கிறது. சீனக் குளிரில் வந்த அளவுக்கு இங்கே வராது. ஆனால் நம்மிடம் வேறொரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "ஆயில் குறையவே இல்லை, இன்ஜின் கல் மாதிரி இருக்கிறது" என்று பெருமைப்படுவோம். எரிந்து போகும் எண்ணெயின் இடத்தைப் பெட்ரோல் நிரப்பினாலும் குச்சி இதையேதான் காட்டும். மட்டம் மாறாமலே எண்ணெய் நீர்த்துப்போக முடியும்.

எண்ணெய் கெட்டால் எதெல்லாம் கெடும்?

மூன்றாவது சிக்கல் மாறும் வால்வின் பக்கத்திலிருந்து வருகிறது. பெரும்பாலான இன்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைத் திருப்பி வால்வின் நேரத்தை மாற்றும் கை, எண்ணெயின் அழுத்தமே. மயிரிழைத் துளைகளும் சிறு சல்லடையும் கொண்ட ஒரு வால்வு வழியாக எண்ணெய் போய் அதைத் திருப்புகிறது. எண்ணெய் நீர்த்தால் அழுத்தம் குறையும். கசடு சேர்ந்தால் துளை அடைபடும். வால்வின் நேரம் தவறினால் கணினி எதிர்பார்க்கும் காற்று வராது, பீய்ச்சும் பெட்ரோலின் கணக்கு பிசகும், கரி கூடும், அந்தக் கரி மீண்டும் எண்ணெயில் போய்ச் சேரும். ஒன்றின் பிழை மற்றொன்றை வளர்க்கும் வட்டம் இது. பெட்ரோலுக்கு 200 பார் அழுத்தம் கொடுக்கும் பம்பையும் பெரும்பாலும் இதே கேம்ஷாஃப்ட்தான் ஓட்டுகிறது. ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் முதல் தலைமுறை 2 லிட்டர் டர்போ எஃப்எஸ்ஐ இன்ஜினில், பம்புக்கும் கேமுக்கும் நடுவே இருந்த சிறு கிண்ணம் தேய்ந்து துளைபட்டு, கேமையே அரித்தது.

நேரடித் தெளிப்பில் பிறக்கும் கரித்துகள் மிக நுண்ணியது. எண்ணெயில் மிதந்து, கேம்ஷாஃப்டை இயக்கும் டைமிங் செயினின் மூட்டுகளுக்குள் புகுந்து அரத்தூள் போல வேலை செய்யும். ஒவ்வொரு மூட்டும் துளித்துளியாகத் தேய்ந்தால் மொத்தச் செயினும் நீளும். எண்ணெய்த் தரத்தை வரையறுப்போர் இதற்கென்றே தனிச் சோதனை வகுக்க நேர்ந்தது. அதை ஓட்டுவது நேரடித் தெளிப்பு கொண்ட ஃபோர்டு 2 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில்.

அதே இன்ஜினில் நடக்கும் மற்றொரு சோதனை இன்னும் பெரிய ஆபத்துக்கானது. குறைந்த சுழற்சியில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது, பிளக் பொறி தரும் முன்பே சிலிண்டருக்குள் கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. வளையங்களின் இடுக்கில் தங்கிய எண்ணெயும் பெட்ரோலும் கலந்த துளி இதற்கு முக்கியக் காரணம் எனக் கண்டறிந்திருக்கிறார்கள். இந்த முன்பற்றல் ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. எண்ணெயில் அழுக்குநீக்கியாகச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது. மெக்னீசியம் அவ்வளவு தூண்டுவதில்லை. இதனால் எண்ணெயின் கலவையே மாற்றப்பட்டது. 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் ஏபிஐ எஸ்பி என்ற தரங்கள் வந்தன. 2010-ல் வந்த எஸ்என் தரத்தில் இந்தச் சோதனை கிடையாது. டப்பாவில் "5டபிள்யூ-30" என்ற பாகுநிலை இருந்தால் போதும் என்று எடுக்கும் எண்ணெய் பழைய தரத்தினதாக இருந்தால், இந்த ஆபத்துக்கு எதிராக அது சோதிக்கப்படாத எண்ணெய்.

சென்னைக்கு நேரடியான தொடர்புள்ள ஒரு பாடமும் உண்டு. மறைமலைநகரில் தயாராகி 2013-ல் வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் நேரடித் தெளிப்பு, மாறும் வால்வு, டர்போ மூன்றும் இருந்தன. அதன் டைமிங் பெல்ட் எண்ணெயிலேயே நனைந்து ஓடும். தவறான எண்ணெய், பழைய எண்ணெய், பெட்ரோல் கலந்த எண்ணெய் மூன்றும் ரப்பருக்குப் பகை. பெல்ட்டிலிருந்து உதிரும் துணுக்குகள் எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைத்தால், எண்ணெய் இருந்தும் இன்ஜினுக்குப் போய்ச் சேராது. அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட்டுகளும் சென்னையிலிருந்து கப்பலேறியவையே. 2023 டிசம்பரில் அங்கே எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் இரண்டிலுமாக ஏறத்தாழ 1.4 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. எண்ணெய்ப் பம்பை ஓட்டும் பெல்ட்டோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ பழுதாகி, எண்ணெய் அழுத்தம் போய்விடலாம் என்பது காரணம். நம் சாலைகளில் அந்த ஈகோபூஸ்ட் கார்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

காற்றுக்கும் ஒரு விலை

எண்ணெய்க்குள் போகும் கரித்துகள் சைலன்சர் வழியாகவும் வெளியேறுகிறது. ஐரோப்பா 2014 முதல் நேரடித் தெளிப்பு பெட்ரோல் கார்களுக்குத் துகள் எண்ணிக்கை வரம்பு வைத்தது. 2017-ல் அந்த வரம்பைப் பத்தில் ஒன்றாக இறுக்கி, டீசலுக்கு இணையாக, கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள் என்று நிறுத்தியது. பழைய முறைப் பெட்ரோல் கார்களுக்கு அப்போது இந்த வரம்பே தேவைப்படவில்லை. பராமரிப்புக் கெட்ட இன்ஜின் உரிமையாளரின் பையை மட்டும் பதம் பார்ப்பதில்லை; பின்னால் ஸ்கூட்டரில் வருபவரின் நுரையீரலையும் தொடுகிறது.

கிலோமீட்டர் காட்டாத மணிக்கணக்கு

இத்தனைக்கும் மேலே நம் நகரங்கள் ஏற்றும் சுமை ஒன்று உண்டு. எண்ணெய் மாற்றுவதை நாம் கிலோமீட்டரில் கணக்கிடுகிறோம். நெடுஞ்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 10,000 கிலோமீட்டரை 167 மணி நேரத்தில் முடிக்கும். நகர நெரிசலில் சராசரி 15 கிலோமீட்டரில் ஊரும் கார் அதே தூரத்துக்கு 667 மணி நேரம் இன்ஜினை ஓட்டும். மீட்டரில் இரண்டும் ஒன்று. எண்ணெய்க்கு நான்கு மடங்கு வேலை. கார்களின் கையேட்டில் இதற்காகவே "கடுமையான பயன்பாடு" என்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய ஓட்டம், நின்று நின்று நகரும் நெரிசல், தூசி, கடும் வெப்பம் எல்லாம் அதில் அடங்கும். சென்னையிலோ கோவையிலோ தினமும் ஓட்டுபவர் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தை.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். டி-ஜிடிஐ, டிஎஸ்ஐ, ஈகோபூஸ்ட் என்ற பெயர்கள் நேரடித் தெளிப்பைக் குறிக்கும். டர்போ என்றாலே நேரடித் தெளிப்பு அல்ல. டாடா நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான் டர்போ பழைய முறையில் தெளிப்பது.

மாதம் ஒருமுறை, சமதளத்தில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். மட்டத்தைக் குறித்து வையுங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, முகர்ந்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காதீர்கள்.

எண்ணெய் வாங்கும்போது கையேடு சொல்லும் பாகுநிலையோடு ஏபிஐ எஸ்பி தரமும், தயாரிப்பாளர் தனித் தரம் கேட்டிருந்தால் அதுவும், டப்பாவில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். லூஸ் ஆயில் இந்த இன்ஜினுக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தடையில்லாமல் ஓடும் சாலையில் வண்டியைச் சூடேற விடுங்கள். எண்ணெயில் கலந்த பெட்ரோல் வெளியேற அதுவே வழி. ஏற்றத்தில் டாப் கியரிலேயே இழுக்க வைக்காதீர்கள். ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். முறுக்குவிசை இருக்கிறதே என்று 1500 சுழற்சியில் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பதுதான் முன்பற்றலுக்கு அழைப்பு.

பழைய கார் வாங்குபவர்கள் இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேளுங்கள். தலைப்பக்கம் சில விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் செயினையும் வால்வு நேரம் மாற்றும் பாகத்தையும் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். சர்வீஸ் புத்தகத்தில் எண்ணெயின் தரம் எழுதப்படாத வண்டி, விலை எவ்வளவு குறைந்தாலும், குறைந்த விலை வண்டியல்ல.

கார் விற்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாவி கொடுக்கும் நாளில் இனிப்புப் பெட்டியோடு சேர்த்து, எந்த எண்ணெய், நகர ஓட்டத்துக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற இரண்டு வரியைத் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். இந்த இன்ஜின்களில் எண்ணெயும் ஓர் உதிரிபாகம். பிஸ்டனைப் போல, வால்வைப் போல, செயினைப் போல அதற்கும் அளவு உண்டு, ஆயுள் உண்டு. நீங்கள் பார்க்காத நாளிலும் அது தேய்ந்துகொண்டிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து அந்தக் குச்சியை ஒருமுறை உருவிப் பாருங்கள்.